நான்கு ஊதா மணிகள்

மணலில் மணி பொறுக்கும் வேலையில் அக்காவுக்குப் பதினோரு வருட அனுபவம். ஆற்றுப்படுகைகளிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் மணலைக் கழுவிச் சலித்துக் கொடுப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, அதில் ஊதா நிறக் கார்னெட் மணிகள் இருக்கின்றனவா என்று அவள் ஊசிமுனையால் தேட வேண்டும். பூமியின் அடியாழத்திலிருந்து வைரத்தைத் தூக்கிக்கொண்டு வரும் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறையில் அந்த மணிகளும் இருக்கும். மணி கிடைத்தால் பாறையும் பக்கத்தில் இருக்கலாம். அவளுக்கு இதுவரை உருப்படியாக ஒன்றும் சிக்கியதில்லை.

தங்கையை அந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே அவள்தான். மூன்றாவது மாதமே தங்கை தட்டை நீட்டினாள்.

"அக்கா, இந்த நாலும் ஊதாவா தெரியுது. கொஞ்சம் பாரேன்."

சந்தேகமே இல்லை. அக்காவுக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இவள் விழுந்து விழுந்து படித்துப் பாஸாவாள். தங்கை விளையாட்டுப் போக்கில் முதல் மார்க் வாங்குவாள்.

"வெறும் சிவப்புக் கல்லுடி. வேலையப் பாரு."

சரிபார்ப்பது அக்காவின் பொறுப்பு. பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதி, மணிகளைக் குப்பியில் போட்டு இழுப்பறைக்குள் தள்ளினாள். தங்கை அப்படியே நம்பிவிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் குப்பியோடு நிலவியலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், இது என் தங்கச்சி கண்டுபிடிச்சது. நான்தான் மறைச்சுட்டேன்."

"ஏம்மா?"

"பொறாமை சார்."

சரிபார்க்கும் பொறுப்பை அன்றே பறித்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டார்கள். தங்கை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் அக்காவின் தட்டைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ண விட்டுட்ட," என்று ஊசியால் காட்டினாள். அவள் சொன்னது சரி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து, அந்த நான்கு மணிகள் வந்த ஆற்றின் மேல்பக்கம் துளையிட்டார்கள். பச்சை கலந்த சாம்பல் நிறப் பாறை வந்தது. கிம்பர்லைட்தான். வைரமும் இருந்தது, ஆனால் சுரங்கம் தோண்டக் கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள்.

அதைக் கேட்டதும் அக்காவுக்கு உள்ளுக்குள் இனித்தது. அன்றிரவு வீட்டில், குளியலறைக்குள் தங்கை விசும்புவது கேட்டது. அக்கா கதவருகே போனாள்.

"பாறையக் கண்டுபிடிச்சது நீதானேடி," என்றாள். "பதினோரு வருஷமா என்னால முடியல."

குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்ததைவிட அதைச் சொல்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.