ரிசல்ட் பக்கம் பாதியில் நின்றது

சரியாகக் காலை பத்து மணி நாலு நிமிஷம். இன்டர்நெட் கட் ஆனது. ஒரு வாரமாகியும் அந்த நிமிஷம் மறக்கவில்லை... சிரிக்காதீர்கள்.

அன்று பிளஸ் டூ ரிசல்ட். கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, "போச்சும்மா" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் என் மகள் பவித்ரா. "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால ரிசல்ட் பாக்க முடியாது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்கே போய்விட்டாள். நோட்டீஸ் போர்டில் பார்ப்பாளாம்.

நான் சும்மா இருப்பேனா? எங்கள் வீட்டில் டெலிபோனுக்கு ஒரே ஒரு பாயின்ட்தான். போனைக் கழற்றி வைத்தேன். அதே பாயின்ட்டில் நெட்டுக்கான மோடத்தைச் செருகினேன். கீச்... கர்ர்ர்... என்று அது கத்தி ஓய்ந்ததும் அவள் பரீட்சை நம்பரைத் தட்டினேன். பக்கம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. தமிழ் வந்தது. இங்கிலீஷ் வந்தது. அடுத்தது கணக்கு...

கட்!

"ஊரே ஒரே நேரத்துல உள்ள பூந்தா வேற என்ன ஆவும்?" என்றார் என் கணவர், பேப்பரை விட்டுத் தலை நிமிராமல். "ஞாயித்துக்கிழமை பெரிய மார்க்கெட்ல மீன் வாங்கற மாதிரிதான். இடிச்சிக்கிட்டுப் போ."

இடித்தேன். மறுபடி கனெக்ட். மறுபடி கட். வயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மோடம் சுட்டது, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன் — ஏன் என்று எனக்கும் தெரியாது. கடைசியில் மோடத்துக்கு விபூதி பூசினேன்.

"பொட்டும் வெச்சிடு" என்றார் அவர். ஆனால் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஒவ்வொரு தடவையும் கணக்குக்கு முன்னால் கட். ஃபெயில் என்பதைக் காட்ட மெஷினுக்கே மனசு வரவில்லையோ? அழுதே விட்டேன்.

பதினொன்றே காலுக்கு வாசலில் சைக்கிள் தடாலென்று விழுந்தது. பவித்ரா! வியர்வையும் கோபமுமாக நின்றாள்.

"ஏம்மா போன எடுக்கல? பூத்துலேருந்து எத்தன வாட்டி அடிக்கிறது? பின்னால நிக்கிறவங்கல்லாம் திட்டறாங்க!"

கழற்றி வைத்த போனைப் பார்த்தேன். அவர் மோடத்தைப் பார்த்தார்.

மகள் டியூஷனிலிருந்து கூப்பிட்டால் லைன் என்கேஜ்டாக இருக்கக் கூடாதே என்று கால் வெயிட்டிங் எழுதிக் கொடுத்து வாங்கியவள் நான்தான். "நெட்ல இருக்கும்போது யாராச்சும் கூப்ட்டா நெட் கட் ஆயிடும்மா" என்று லைன்மேன் அன்றே படித்துப் படித்துச் சொன்னார். தலையை ஆட்டினேன். மறந்தேன்.

நாமெல்லாம் இப்படித்தானோ? பிள்ளை என்ன ஆனாள் என்று உலகத்தையெல்லாம் விசாரிப்போம். அவள் சொல்ல வரும் வழியை மட்டும் பிடுங்கி வைத்துவிடுவோம்.

பவித்ரா விபூதி பூசிய மோடத்தைப் பார்த்தாள். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"கணக்குல எரநூத்துக்கு நூத்தி எழுவத்தி ரெண்டும்மா. உனக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு பத்து நாலுக்கே அடிச்சேன்."