முதல் நாற்று

என் மருமகன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தால் நேரே கொல்லைக்குப் போய் முழங்கால்வரை கால் கழுவுவார். சிமெண்டுத் தரையில்தான் உட்கார்ந்திருப்பார், காலில் ஒரு தூசியும் இருக்காது. ஆனாலும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். முதல் நாள் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஒரு மாதம் போனபின் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

வலங்கைமானுக்குக் கிழக்கே ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர், அவருக்குக் குத்தகையில் இருந்தது. அவர் அப்பா காலத்திலிருந்து உழுத மண். நிலத்துக்குச் சொந்தமான டிரஸ்டு, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனைபோடுகிறவர்களுக்கு அதை விற்றுவிட்டது. வழக்கு தஞ்சாவூர்க் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக இழுத்தது. நிலத்தில் இறங்கக்கூடாது என்று தடை. கூலி நெல்லுக்காகக் கொடி பிடித்து நடந்தவள் நான். மண்ணை விட்டு ஒதுங்கி நிற்கும் ஆணைப் பார்க்கப் பொறுக்காது. ஆனால் அவர் சண்டைக்கும் போகவில்லை, கூலிக்கும் போகவில்லை. டிராக்டர் ஓட்டி விவசாயம் செய்கிற ஒரு கேமுக்குள் போய்விட்டார்.

அந்த கேமில் கோதுமை உண்டு, சோளம் உண்டு, நெல் கிடையாது. அடுத்து வரப்போகும் கேமில் நெல் வருகிறது என்று சேதி பரவியது. அதற்காகத்தான் அவரும் அவர் கூட்டாளிகளும் காத்திருந்தார்கள். கூட்டாளிகளில் ஒருவரையும் நான் கண்டதில்லை. குரல்தான் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள்ளிருந்து வரும். மத்தியான நேரம், என் மகள் தையல் கடைக்குப் போயிருப்பாள், அவர் மட்டுமே இருக்கும் அறையில் நாலு ஆம்பிளைக் குரல் பேசும். அதில் முத்துப்பேட்டைப் பாத்திரக் கடைக்காரர் எதையும் நம்பமாட்டார்.

“நெல்லாவது கில்லாவதுண்ணே! டிரெய்லர்ல காட்டுறதெல்லாம் பொண்ணு பார்க்க வரப்ப பூசுற பவுடரு. ஆவணின்னான், ஐப்பசின்னான், இப்ப கார்த்திகைங்கிறான். கோர்ட்டுகூட வாய்தாவை எழுதிக் குடுக்கும்ணே.”

என் மருமகன் சிரிப்பார். “வரும்யா. நாத்து நடுற மிஷினைக் காட்டிட்டான்ல?”

நெல் வருவதற்கு முன்னாலேயே அவர் நிலத்தைத் தயார் செய்துவிட்டார். நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, எங்கள் ஆறு மாவையும் வரப்பு வரப்பாக அந்தப் பெட்டிக்குள் கட்டினார். ஒரு நாள், “அத்தை, வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். சாய்ந்த பனைமரம் நின்றது. மோட்டார் கொட்டகை நின்றது. ஓட்டு வீடுகள் இருந்தன, கதவுகள் திறக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் இருந்தது, ஒரு கொக்கு இல்லை.

“ஆளுங்கல்லாம் எங்க மாப்பிள்ளை?”

“அதெல்லாம் வைக்க முடியாது அத்தை. நிலம் மட்டுந்தான்.”

நான் நடவு முடித்துக் கஞ்சி குடிக்க உட்காரும் கிழக்கு வரப்பையும் அப்படியே வைத்திருந்தார். புல் தேய்ந்த இடம்கூடத் தெரிந்தது. செத்த பிறகு திரும்பிவந்து, நான் இல்லாத ஊரை நானே பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கடைசியில் கேம் வந்த நாளும் வாய்தா நாளும் ஒன்றாக விழுந்தது. வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், இந்தத் தடவை ஆள் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்று. காலையில் நான் சட்டையை எடுத்து வைத்தேன். அவர் குளித்து, நெற்றியில் விபூதியோடு, ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னே நீட்டினார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள். நடவுக்கு என்னை அழைக்க வருபவர்கள் வைக்கும் தட்டு. எங்கள் பக்கத்தில் நாற்பது வருஷமாக முதல் நாற்றை வைத்தது என் கைதான். நான் வைத்த வயல் ஒன்றும் பொய்த்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

“நீங்க வச்சாத்தான் வேர் பிடிக்கும் அத்தை. ஒரு பட்டனை அமுக்கினாப் போதும். வச்சுக் குடுங்க, எட்டரை பஸ்ஸுக்குக் கெளம்பிடறேன்.”

“என் கை சேத்துல வைக்கிற கை மாப்பிள்ளை. இந்தப் பொட்டியில எல்லாம் வைக்காது.”

பெட்டிக்குள்ளிருந்து முத்துப்பேட்டைக்காரர், “வைங்கம்மா, அண்ணன் ராத்திரி முழுக்கத் தூங்கலை” என்றார். முகம் தெரியாத குரல் என்னைக் கெஞ்சியதும் எனக்கு இன்னும் வீம்பு ஏறியது. தட்டைத் தொடவில்லை.

எல்லோரிடமும் வீம்பு என்றுதான் சொன்னேன். உள்ளே இருந்தது பயம். என் கை ராசியை நான் அறிவேன். அங்கே நாற்று வேர் விட்டால் அவரும் அங்கேயே வேர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தானே நட்டார். எட்டரை பஸ் போனது. பத்து மணி பஸ்ஸும் போனது. வழக்கு தள்ளுபடியானது. நான் பட்டனை அமுக்கியிருந்தால் போயிருப்பாரோ என்று கேட்டுக்கொள்ளாத நாள் எனக்கு இல்லை.

இன்னொன்றும் நடந்தது. கூட்டாளிகள் நட்ட நெல்லெல்லாம் விளைந்து அறுத்தும் முடித்தார்கள். இவருடையது மட்டும் பச்சையாகவே நின்றது. எதையும் நம்பாத முத்துப்பேட்டைக்காரர்தான், “கேம்ல ஏதோ பக்குண்ணே, கோளாறு, அடுத்த அப்டேட்ல சரியாயிரும்” என்று தேற்றினார். என் மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆறு மாவிலும் மனைக்கு வெள்ளைக்கல் நட்டபிறகு, லாரி ஓட்ட குவைத்துக்குப் போனார். இப்போது மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார், குரலில் தெம்பு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லியிருக்கிறார். மகள் போட்டுவிட்டுத் தைக்கப் போவாள். காவலுக்கு நான் உட்காருவேன்.

போன வெள்ளிக்கிழமை திரையைப் பார்த்தேன். ஆறு மாவும் மஞ்சளாகப் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. காற்றில்லை, ஒரு குருவியின் சத்தமில்லை. கதிர் மட்டும் மெல்ல ஆடியது.

அப்போது போன் வந்தது. “பயிர் எப்படி அத்தை இருக்கு?” என்றார். எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பார், மகளைக்கூடப் பிறகுதான். விளைந்துவிட்டது என்று சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து இந்தப் பெட்டி முன்னால்தான் உட்காருவார்.

“இன்னும் பச்சையாத்தான் நிக்குது மாப்பிள்ளை” என்றேன்.

ஒரு பயிரைப் பற்றி என் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது.