மின்கண்ணுக்குக் கண்ணாடி

எனக்கு ஏலக்காய் பொறுக்க வராது. போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில், சரக்கு அடைக்கிற கிடங்கில், பொறுக்கும் பெண்களோடு மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவள் இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லத்தான் வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பத்தாவது பாஸாகி, டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடம் கிடைக்காமல், கல்யாணமும் தகையாமல் இருந்த பெண்ணை வீட்டில் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கையில் சுளகு என்கிற முறத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

குரங்கணிப் பக்கமிருந்தும் அதற்கு மேலே மலையிலிருந்தும் காய்ந்த காய் மூட்டை மூட்டையாக ஜீப்பில் வந்து இறங்கும். சல்லடையில் சலித்த பிறகு எங்களிடம் வரும். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்ததும் பூச்சி துளைத்ததும் இன்னொரு பக்கம். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஊசி முனை அளவுக்குத் துளை இருக்கும்; அது என் கண்ணில் படாது, எனக்குப் பொறுமையும் கிடையாது. ஒவ்வொருவர் சுளகையும் கணக்கப்பிள்ளை கிளறிப் பார்த்துத்தான் மூட்டையில் கொட்ட விடுவார். அதற்கு மறுபார்வை என்று பெயர். என் சுளகுக்கு மட்டும் மறுபார்வைக்கு மேல் ஒரு மறுபார்வை நடக்கும்.

அந்தக் கணக்கப்பிள்ளை வெகுகாலம் மலையில் எஸ்டேட்டில் இருந்துவிட்டுக் கீழே இறங்கியவர். பேச்சில் பாதி மலையாளம். கேரளாவில் பீடி சுற்றும் இடங்களில் ஒருத்தர் பேப்பர் வாசிப்பாராம், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம், வாசித்தவருடைய பங்கை எல்லாருமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்களாம். என் பொறுக்கலைப் பார்த்து மனம் நொந்த ஒரு நாளில்தான் அவருக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இனி நீ காய்ல கை வைக்கண்டா. வாசிச்சா மதி" என்றார். வாசித்தால் போதுமாம்.

அன்றிலிருந்து முதலாளி படித்து முடித்த பேப்பர் முற்பகலில் என் கைக்கு வந்தது. சாயங்காலம் ஆளுக்கு ஒரு கை காயை, பொறுக்கிய காயாக, என் சுளகில் போடுவார்கள்; என் கூலிக்கு அதுதான் கணக்கு. அதை வாய்ப்பங்கு என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு ரோஷமாக இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர்களுக்குக் கட்சிச் செய்தி வேண்டாம். "புதுசா எவன் என்னத்தக் கண்டுபிடிச்சான், அத வாசி" என்பார்கள். சோதனைக் குழாய்க் குழந்தை பற்றி வாசித்த அன்று ஒருத்தி கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள், குழாயில் பிறந்த பிள்ளைக்குத் தாய்மாமன் யார் என்று. மொட்டை போட யார் மடியில் உட்கார வைப்பது, காது குத்துக்கு யார் சீர் கொண்டுவருவது? பெற்றவள் பெற்றவள்தான், அவளுடைய அண்ணன் தம்பிதான் தாய்மாமன் என்று நான் விளக்கினேன். அப்படியானால் குழாய்க்கு என்ன மரியாதை என்று அதற்கும் ஒருத்தி கேட்டாள். அந்த விவகாரம் இரண்டு நாள் ஓடியது.

இன்னொரு நாள், பேங்குகளில் கணிப்பொறி வைக்கப் போகிறார்கள், அதை எதிர்த்து ஊழியர்கள் ஊர்வலம் போனார்கள் என்று வாசித்தேன். எங்கள் ஆட்களுக்குப் பொறி என்றால் எலிப்பொறி. எலிக்குப் பொறி வைத்ததற்கா ஊர்வலம் போகிறார்கள் என்று சிரித்தார்கள். இது எலிக்கு இல்லை, பல பேர் பார்க்கிற வேலையை ஒரே பொறி பார்த்துவிடுமாம் என்று நான் சொன்னேன். "அப்ப ஆளுதான் மாட்டுவான்" என்றாள் ஒருத்தி.

எனக்கு வலப்பக்கம் உட்காருகிறவர் ராசிங்காபுரத்து அக்கா. ஊரிலிருந்து தினமும் முதல் பஸ்சுக்கு வந்துவிடுவார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கிட்டங்கியில் மறுபார்வை இல்லாத ஒரே சுளகு அவருடையது. அவர் எழுந்தால் கணக்கப்பிள்ளை நகர்ந்து வழிவிடுவார். சுளகு நேராக மூட்டையில் கவிழும். அந்த நாலடி நடையை அக்கா கோயிலைச் சுற்றி வருகிற மாதிரி நிதானமாக நடப்பார். அவ்வளவு பெருமை. இருக்க வேண்டியதுதானே!

ஒரு சாயங்காலம் அக்கா எனக்குப் போட்ட வாய்ப்பங்கில், என் கண்ணுக்கே தெரிகிற மாதிரி, நாலைந்து துளைக்காய் கிடந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வாசிப்புக்கு இந்தக் கழிசல் போதும் என்று நினைத்துவிட்டாரோ என்று எண்ணி, மறுநாள் அவர் முகத்தைப் பார்க்காமலே வாசித்தேன். அன்றைக்கும் துளைக்காய். அதற்கு அடுத்த நாளும். அப்புறம்தான் அவரைக் கவனித்தேன். காயைத் தள்ளிப் பிடித்து, கையை முழுக்க நீட்டிப் பார்த்தார். பிளந்த காயைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்தார். ஊசித் துளை விரலுக்குத் தெரியாது. உட்காரும் இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டே போயிருந்தார். மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கி இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், "கரண்டு போயிருச்சாத்தா?" என்று காயிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் மெதுவாகக் கேட்டார். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

என் கோபத்தை நினைத்து எனக்கே கூச்சமாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் போடும் வாய்ப்பங்கை, யாரும் பார்ப்பதற்குள் நானே முந்தானைக்குள் வைத்துக் கிளறித் துளைக்காயைப் பொறுக்கிவிடுவேன். பொறுக்க வராதவள் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஆனால் அது ஒரு கைப்பிடிக் காய். சுளகு சுளகாக மூட்டைக்குப் போன காயை நான் என்ன செய்ய முடியும்?

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டிருந்தான். வெளிநாட்டில் காப்பிக் கொட்டை, பருப்பு வகைகளை நிறம் பார்த்துத் தரம் பிரிக்க ஒரு இயந்திரம். அதற்கு மின்கண் உண்டு. சொத்தைக் கொட்டை கண்ணில் பட்ட மாத்திரத்தில் ஊதித் தள்ளிவிடும். யோசிக்காமல் கடகடவென்று வாசித்துவிட்டேன். பாதியில்தான் என் வாய் எங்கே போகிறது என்று உறைத்தது.

முதலில் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். கண் என்று ஒன்று இருந்தால் கண்ணேறும் இருக்கும், இமைக்காமல் பார்த்தால் பச்சைக் காயெல்லாம் பட்டென்று வெடித்துப்போகும் என்றார்கள். அப்படி ஒன்று இங்கே வந்து இறங்கினால், முதல் வேலையாக உப்பு மிளகாயை எடுத்து அதைச் சுற்றிப் போட்டுவிட வேண்டும் என்று ஒருத்தி முடிவே சொல்லிவிட்டாள். அக்கா மட்டும் குனிந்து காயைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதே வாரத்தில் வெளியூர் வியாபாரியிடமிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. துளைக்காய் அதிகம் என்று சீட்டு வைத்திருந்தார்கள். முதலாளி எங்கள் முன்னாலேயே கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்: திங்கட்கிழமையிலிருந்து ஒரு சுளகு விடாமல் எல்லாவற்றுக்கும் மறுபார்வை; துளைக்காய் யாருடைய சுளகில் இருக்கிறதோ அவரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

மத்தியானம் தூக்குச்சட்டி கழுவப் போன இடத்தில், குழாயடியில், அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏத்தா, அந்தக் கண்ணுள்ள எந்திரம்னு வாசிச்சியே. அதுக்குக் கண்ணு மங்குமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"மங்குனா என்ன செய்வாகளாம்? அதப் பத்தி எதுவும் போட்டுருக்கானா? தூக்கிப் போட்ருவாகளா?"

கண்ணாடி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமே அக்கா என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. டீச்சர் கண்ணாடி போட்டால் படிப்பு, பொறுக்குகிறவள் போட்டால் அவள் கண் போனது என்று ஊருக்கே டமாரம் அடித்த மாதிரி என்றார். கண்ணாடிக்காரியை எந்தக் கிட்டங்கியில் உட்கார வைப்பான் என்று கேட்டார். அதில் பொய் இல்லை. அந்த வரிசையில் யாரும் அதுவரை கண்ணாடி போட்டதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள் பேப்பரைப் பிரித்தேன். நாலாம் பக்கத்தில் உர விளம்பரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, தொண்டையைச் செருமி, செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தேன்:

"மேற்படி மின்கண் நாளடைவில் மங்கும் பட்சத்தில், இயந்திரத்தைக் கழித்துவிடாமல், அதன் கண்ணுக்கு முன்பாகக் கண்ணாடி ஒன்று பொருத்தப்படும் என்றும், கண்ணாடி பொருத்திய இயந்திரம் முன்னிலும் நன்றாகப் பணியாற்றும் என்றும் நிபுணர்கள் தெரிவித்தனர்."

பெண்களுக்கு ஒரே ஆச்சரியம். இயந்திரம்கூடக் கண்ணாடி போடுகிறதாமே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தக் கண்ணாடியை மாட்டக் காது வேண்டுமே என்று ஒருத்தி கவலைப்பட்டாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை வந்து நின்று கையை நீட்டினார். பேப்பரைக் கொடுத்தேன். அவர் தினமும் முதலாளிக்கு முன்பே அதை வரிவிடாமல் படிக்கிறவர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உர விளம்பரத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"சரியாணு. போட்டிருக்கு" என்றார்.

பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கிறது, மதுரையிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள், எல்லாருமே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் சொன்னார். அக்காவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவருக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ! நாங்கள் எல்லாருமே போனோம். அக்காவுக்குப் புரை எதுவும் இல்லை, கண்ணாடி போதும், ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். திங்கட்கிழமை தொடங்க வேண்டிய மறுபார்வை தொடங்கவில்லை. சல்லடை கிழிந்துவிட்டது, தைத்த பிறகுதான் காய் பொறுக்க முடியும் என்று கணக்கப்பிள்ளை முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். அந்தச் சல்லடையை அவரே கிழித்திருப்பார் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை அக்கா கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார். உள்ளே எல்லாரும் பொறுக்குவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, இயந்திரத்துக்குச் சுற்றிப் போட வேண்டும் என்று அன்று முடிவு சொன்னவளே எழுந்தாள். சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்துக்கொண்டு, "மின்கண்ணு வந்திருச்சுடி" என்று சொல்லி, அக்காவை நிற்க வைத்து மூன்று சுற்றுச் சுற்றினாள். அக்கா சிரித்ததில் கண்ணாடி மூக்கில் இறங்கிவிட்டது.

முதல் மறுபார்வையே அக்காவின் சுளகுக்குத்தான். முதலாளியும் பக்கத்தில் நின்றார். கணக்கப்பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளறினார். ஒரு துளைக்காய் இல்லை. நகர்ந்து வழிவிட்டார். அக்கா அந்த நாலடியைப் பழையபடி நிதானமாக நடந்தார்.

சாயங்காலம் வாய்ப்பங்கு போட்டார்கள். அக்காவும் ஒரு கை அள்ளி என் சுளகில் போட்டார். பழக்கதோஷம், என் கை தானாக அந்தக் காயை முந்தானைக்குள் தள்ளப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் கண் பெரிதாகத் தெரிந்தது.

"இனிமே எம் பங்குக்கு மறுபார்வை வேணாம்த்தா" என்றார். "பேப்பர மட்டும் உள்ளது உள்ளபடி வாசி."