பேயாண்டிக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ்

“இவேட் பண்ற பழக்கம் எங்க ரத்தத்துலயே கிடையாது. தேடி வந்து குடுக்குறவன் எமனா இருந்தாலும் கையை நீட்டி வாங்கிக்கிடுவோம்.”

1934ஆம் வருஷம் செல்லூர்க் காப்பிக் கிளப்பில் வைத்துப் பேயாண்டி இப்படிப் பிரகடனம் செய்தார். கோர்ட்டுச் சம்மனை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும் சேவகர் அவர். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். பிரதிவாதி சம்மனை வாங்காமல் டிமிக்கி கொடுத்தால், குமாஸ்தா அதன் முதுகில் ‘இவேட்’ என்று எழுதுவது வழக்கம். அதற்குப் பேயாண்டி பொருள் கேட்டறிந்து, பிறகு குமாஸ்தாவுக்கே விளக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு நெசவாளி காளைக்கும் ஒருநாள் விளக்கினார். “ஓடிப்போறது இவேட் இல்ல மாப்ள. அவனுக்குப் பயம். ஒளியுறதும் இல்ல. அவனுக்கு வெக்கம். இவேட் பண்றவன் நம்ம மூஞ்சிக்கு முன்னால நின்னுக்கிட்டே, ‘அவரு ஊருல இல்லீங்களே’ன்னு சொல்லுவான்.”

அன்றிலிருந்து செல்லூரில் கறவை மாடு இவேட் பண்ணியது. வைகையில் தண்ணீர் இவேட் பண்ணியது. கல்யாண வீட்டில் அப்பளம்கூடக் கடைசிப் பந்தியை இவேட் பண்ணியதாகப் புகார் வந்தது.

பேயாண்டியிடம் மட்டும் எதுவும் செல்லாது. ஒரு பிரதிவாதி பிணமாகப் படுத்து, பெண்டுகளை ஒப்பாரி வைக்கச் சொன்னார். பேயாண்டி துண்டை இடுப்பில் கட்டி, மரியாதையாகத் தலைமாட்டில் குனிந்து, “தூக்குறதுக்கு முன்னால ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருங்கண்ணே” என்றார். பிணம் எழுந்து போட்டுக்கொடுத்தது.

இந்த வீரமெல்லாம் அவருடைய பாதங்களை நம்பியிருந்தது. செருப்பில்லாமல் பழங்காநத்தத்துக்கும் அதற்கு அப்பாலும் நடந்து நடந்து, பலகை போல் அகன்ற பாதங்கள் அவை. நடந்தால்தான் சம்பளம். அந்தப் பாதங்களுக்குத்தான் ஆபத்து வந்தது.

மேற்கே அவருடைய சொந்த ஊரில் குலதெய்வக் கோயில் சாமியாடிக்கு முட்டி செத்து, எழுந்து நிற்க முடியாமல் போயிற்று. சிவராத்திரிக்குப் புதிய ஆள், தீட்டிய அரிவாளின் விளிம்பில் ஏறி நின்று குறி சொல்ல வேண்டும். வரிசைப்படி அடுத்த ஆள் பேயாண்டி. வெள்ளிக்கிழமை வெற்றிலையும் திருநீறும் வைத்த தட்டோடு பங்காளிகள் வருவார்கள். அதிலிருந்து ஒரு சிட்டிகை திருநீற்றை அவர் கையை நீட்டி வாங்கிவிட்டாலே அரிவாள் அவருடையது. உச்சிப்பொழுதுக்குள் அவர் கையில் சேராவிட்டால் தட்டு அடுத்த பங்காளி சிவனாண்டி வீட்டுக்குப் போய்விடும். வாசலில் ஒட்டிவிட்டுப் போக இது சம்மன் அல்ல.

வெள்ளிக்கிழமை காலை பெரியப்பா உக்கிரபாண்டி பங்காளிகளோடும் தட்டோடும் வந்து இறங்கினார். பேயாண்டியின் மனைவி ஒச்சாயி வாசலில் நின்றாள்.

“எங்கத்தா அவன்?”

“சம்மன் குடுக்கப் போயிருக்காக மாமா.”

“எங்கிட்டு?”

“பழங்காநத்தம்.”

“அங்கிட்டிருந்துதான வாரோம்.”

“அப்ப நீங்க வாரதப் பாத்து... நீங்க வாரதுக்கு முன்னாலயே மேலூருக்குத் திரும்பியிருப்பாக.”

உக்கிரபாண்டி தட்டை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தெரு நீளத்துக்கும் காளையின் பாவு நூல் விரித்துக் கட்டியிருந்தது. நாலைந்து பேர் அதற்குக் கஞ்சி தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கண் மட்டும் தெரியும்படி தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றியிருந்தார். நூலுக்குப் போக வேண்டிய கஞ்சியில் பாதியை அவரே பூசிக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, பேயாண்டியக் கண்டியளா?” என்று அவரிடமே பெரியவர் கேட்டார்.

காளை முந்திக்கொண்டான். “அது ஊமைண்ணே. நேத்துத்தான் வேலைக்கு வந்துச்சு.”

“வேலையும் நேத்துத்தான் பாத்துச்சு போல” என்ற பெரியவர், கீழே குனிந்து பார்த்தார். “ஆனா பாதத்தப் பாரு. அருவாளுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சதாட்டம் இருக்கு. எம்புட்டு அகலம்.”

ஊமை சட்டென்று ஒரு பாதத்தை மற்றொன்றின் மேல் வைத்து மறைத்தார். அது பிரயோஜனப்படாமல், கீழிருந்த பாதத்தைப் பாவு நூலுக்கு அடியில் தள்ளினார். பாவு சிக்கியது. காளை பல்லைக் கடித்துக்கொண்டு, “போன சென்மத்துல எனக்கு ஏதும் சம்மன் பாக்கியாண்ணே?” என்று ஊமையின் காதில் முனகினான்.

வெயில் உச்சிக்கு ஏறியது. பெரியவர் எழுந்து வேட்டியை உதறினார்.

“சரித்தா, அவனுக்குக் குடுத்துவைக்கல. சிவனாண்டி வீட்டுக்குப் போறோம். வந்ததுக்கு இந்தப் புள்ளைகளாவது சாமி துன்னூறு வாங்கிக்கட்டும்.”

தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தபடி வரிசையாக வந்தார். காளை வலது கையை நீட்டி வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டான். அடுத்தவனும் நீட்டினான், அதற்கடுத்தவனும் நீட்டினான். கடைசியில் நின்ற ஊமையின் முன் பெரியவர் விரல்களை நீட்டியபடி நெடுநேரம் காத்திருந்தார்.

ஊமை கஞ்சி சொட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தார்.