தெருநாய் சொன்ன கதையும் நாங்கள் பார்த்த புரூஃபும்

பிள்ளைகளுக்குப் புத்தகம் போடும் அச்சகத்தில் கையெழுத்துப் பிரதி படித்து அபிப்பிராயம் சொல்பவனுக்கு, வாய் பேசாத ஜீவன் என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. சிங்கம் உபதேசம் செய்யும். காக்கை கண்ணீர் விடும். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்கும் என் தலைவலி தெரிந்திருக்கும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் புதுக்கோட்டையில் நான் அனுபவித்ததைச் சொல்கிறேன்.

யார் வீட்டு நாய்?

கறம்பக்குடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை அமிர்தம். அவர் அனுப்பிய முதல் நாவல் அது. கதை முழுக்க ஒரு தெருநாய் தன் வாயால் சொல்வது. வழக்கம்போல் அலுத்துக்கொண்டுதான் பிரித்தேன். காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. முதலாளியிடம் ஓடினேன். அப்போது காகிதத்துக்குப் பெரும் பஞ்சம்; கையில் இருந்தது ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காணும். அதற்கு ஒரு ராஜகுமாரன் கதை ஏற்கெனவே காத்திருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "வீடே இல்லாத நாய்க்கு என்னங்க பெரிய கதை இருக்கு?"

பிழை பிடித்தேன்

ஆனாலும் என் தொழில் குற்றம் கண்டுபிடிப்பது. நாய்க்குத் தெரியாத ஒன்றை நாய் சொல்கிறதா என்று வரி வரியாகத் துருவினேன். நாவலில் யாருக்கும் பெயர் இல்லை, வாசனைதான் உண்டு. தபால்காரர் கொண்டுவரும் கடிதம் 'தின்னவும் உதவாத, படுக்கவும் உதவாத இலை'. எனக்கு மலைப்பாக இருந்தது. கடைசியில் ஓரிடத்தில் அகப்பட்டது: 'வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனேன்' என்கிறது நாய். சிவப்பு மசியால் சுழித்து, ஆசிரியையை வரச் சொல்லி எழுதினேன்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ்ஸில் முகமெல்லாம் புகை அப்பி வந்து இறங்கினார். சுழித்ததைப் பார்த்தார். கிழமையை அடித்துவிட்டு, 'கருவாட்டு வாசனை வரும் நாள்' என்று மேலே எழுதினார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. அவரோ சிரித்துக்கொண்டே, "நாய்க்குக் கெழமை ஏதுங்க? அந்த எடத்துல நாந்தான் உள்ள பூந்துட்டேன்" என்றார்.

நன்றியுள்ள பிராணி

நாவலின் முடிவில், நாய்க்குத் தினமும் ஒரு கை சோறு வைத்த தையற்காரர் இறந்துபோகிறார். நாய் அவர் கடை வாசலிலேயே கிடக்கிறது. ஊர் அதை நன்றி என்று கொண்டாடுகிறது. நாயோ பசி என்று மட்டும் சொல்லிக் கதையை முடித்துவிடுகிறது. டீச்சர் வந்த அன்றே, இதற்குத்தான் முதலாளி குறுக்கே விழுந்தார். பிள்ளைகள் புத்தகத்தில் நீதி வேண்டாமா? 'நன்றி மறவாதீர்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் இந்தப் புத்தகம், இல்லாவிட்டால் ராஜகுமாரன்.

அமிர்தம் டீச்சர் பிரதிக்குக் கை நீட்டினார். குரல் நடுங்கவில்லை. "நன்றின்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாதுங்க. தெரியாமலே அங்கன கெடக்குது. அதை மாத்தணும்னா பிரதியைக் குடுத்துடுங்க, எடுத்துக்கிட்டுப் போறேன்."

காதர் பாய் நிறுத்திய இடம்

புரூஃபில் ஒரு தரம் காதால் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று முதலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி அச்சுக் கோக்க வைத்தேன். கடைசிப் பக்கம் வந்த அன்று, சேர்க்கவேண்டிய நீதி வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு அவரே வந்து நின்றார்.

நாங்கள் புரூஃபில் பிழை பார்க்க, மூலத்தை உரக்கப் படிப்பவர் கோட்டைப்பட்டினத்துக் காதர் பாய். 'கமா', 'புள்ளி' எல்லாம் வாய்விட்டுச் சொல்வார். ஏலம் போடுகிற குரல். சோகக் கதையானாலும் கணக்குப் பாடமானாலும் ஒரே ராகம்தான். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்:

"'துக்கம் காக்கிறது என்றார்கள்' புள்ளி. 'எனக்குப் பசி' புள்ளி. 'மறுநாளும் பசி. எதிரே சத்திரத்தில் எச்சில் இலை விழும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.'"

பாதியிலேயே புள்ளி சொல்வதை விட்டுவிட்டார். என் சிவப்புப் பேனா தாளைத் தொடவில்லை. அச்சுக் கோப்பவர்கள் கையில் எழுத்தோடு அப்படியே நின்றார்கள்.

"மேல படிங்க பாய்" என்றார் முதலாளி.

"அவ்வளவுதாங்க."

முதலாளி துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதுக்குக் கீழ யாரும் ஒண்ணும் சேர்த்துடாதீங்க. டீச்சருக்குச் சொல்லி விடுங்க."

புத்தகம் வெளிவந்தபோது அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் எழுத்துப் பிழைகள் மலிந்து கிடந்தன. அன்று நாங்கள் யாருமே புரூஃப் பார்க்கவில்லை, கதை கேட்டுக்கொண்டிருந்தோம்.