பாதித் தலையோடு ஓட்டுப் போட்டவர்கள்

எனக்கு எதையும் துருவிப் பார்த்தே பழக்கம். எதிர்வீட்டு ஓசெல்லா வாசலிலிருந்து ஒருத்தி பாதித் தலை பின்னி, மீதிப் பாதி புதராக நிற்க வெளியே போனால் யாரால்தான் சும்மா இருக்க முடியும்? காலையிலிருந்து இப்படியே ஒருத்தி பின்னால் ஒருத்தி போகிறாள். எங்கள் அலபாமா ஊரில் தலை சரியில்லை என்றால் எவளும் குப்பை போடக்கூட வெளியே வரமாட்டாள்.

அன்று தேர்தல். பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. ஓசெல்லாவுக்குத் தலை பின்னுவதுதான் பிழைப்பு. நேராக அவள் சமையலறைக்குள் போனேன்.

"என்னடி, கை வலிக்குதா? எல்லாரையும் அரைகுறையா அனுப்புற?"

"உக்காருக்கா. உனக்கும் பின்னிவிடுறேன்."

பின்னிக்கொண்டே மகள் ஸரியாவின் கதையைச் சொன்னாள். பதின்மூன்று வயசுப் பெண். பின்னல் நுனியில் கோத்த மணி சத்தம் போடுது, கழற்று என்றாளாம் டீச்சர். "ஏன்?" என்று கேட்டிருக்கிறது பிள்ளை. அவ்வளவுதான்! எதிர்த்துப் பேசினாள் என்று பள்ளிக்கூடத்துக் காவல்காரன் கையை முறுக்கி வெளியே இழுத்துப் போயிருக்கிறான். வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட வாசல் மிதிக்கக்கூடாதாம். எங்களைப் போலக் கறுப்பாக இல்லாமல் வெள்ளைக்காரப் பிள்ளை இதையே கேட்டால் 'சூட்டிகை' என்பார்கள்.

ஜனவரியில், நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஆட்கள் உட்காரும் பள்ளி வாரியம் இதை மறுபடி விசாரிக்கும். அங்கே பாதிக்குப் பாதியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். எங்கள் பகுதி உறுப்பினர் ஹாஸ்கெல்தான் எப்போதும் 'வெளியே அனுப்பு' பக்கம் கைதூக்கி முடித்துவைப்பவர். இந்த முறை அவரை எதிர்த்து எங்கள் சர்ச்சில் பியானோ வாசிக்கும் லவோன் நிற்கிறாள். ஆனால் வாரியத்துக்கான ஓட்டு சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. நாங்களோ முன்பக்கத்தில் பெரிய பதவிகளுக்குக் குத்திவிட்டு, திருப்பிப் பார்க்காமலே வந்துவிடுகிற ஜனம்.

"அதுக்கு ஏன் பாதியில நிறுத்துற?"

"முழுசா பின்னிட்டா யாரு திரும்பிப் பாப்பா? பாதின்னா ஊரே 'என்னடி இது கோலம்'னு கேக்கும். கேக்குறவகிட்ட எல்லாம் ஸரியா கதையைச் சொல்லு, சீட்டைத் திருப்பச் சொல்லு. சாவடிகிட்ட பிரசாரம் பண்ணக்கூடாது, அங்க மட்டும் வாயை மூடிக்க. மீதியைச் சாயந்திரம் வா, பின்னிடறேன்."

"அடிப்பாவி!" என்று சிரித்துக்கொண்டே அந்தக் கோலத்திலேயே கிளம்பினேன். வழியெல்லாம் கேட்டார்கள், வழியெல்லாம் சொன்னேன்.

பள்ளிக்கூடத்து வரிசை மைதானத்தைச் சுற்றி நின்றது. ஸரியா ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேலியோரம் நின்றிருந்தாள்.

"இங்க என்னம்மா பண்ற?"

"உள்ள வரக்கூடாதாமே ஆன்ட்டி. அம்மா ஓட்டுப் போட வர்றத இங்கிருந்தே பாத்துக்கறேன்."

சாவடி மூடுகிற நேரத்துக்கு, விரல் வீங்கிப்போய் ஓசெல்லா ஓடிவந்து வரிசைக் கடைசியில் நின்றாள். ஸரியா வேலியைப் பிடித்தபடி குதித்தாள். மணிச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

ஹாஸ்கெல் மயிரிழையில் தோற்றார்.

ஜனவரி விசாரணைக்கு முழுத் தலையும் பின்னிக்கொண்டு நாங்கள் எல்லோரும் போய் உட்கார்ந்தோம். எல்லாரும் பேசி முடித்த பிறகு லவோன் கேட்டாள்: "நீ ஏதாவது சொல்லணுமா ஸரியா?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"ஏன்னு கேட்டேனே, அதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லல."

டீச்சர் குனிந்து காகிதத்தைப் புரட்டினாள். இந்தத் தடவை காவல்காரனை யாரும் கூப்பிடவில்லை.