மிச்சம் விடாமல்

இந்த ஊரில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பும்போது கேக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குத் தெரியாது. போன மாதம் மில் கேன்டீனில் மேனேஜர் தட்டை நீட்டியபோது, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் முகம் சிவந்தது. பிறகு, இனி துணி இந்தியாவில்தான் நெய்யப்படும், மிஷின்கள் மெட்ராஸ் பக்கம் போகின்றன என்று அறிவித்துவிட்டு என் தோளைத் தட்டினார். உங்கள் ஊருக்குத்தானே, சந்தோஷம்தானே என்றார். அந்தக் கேக்கை அவர் முகத்திலேயே அப்பியிருக்க வேண்டும். தின்றுவிட்டு வந்தேன்.

என் ஆத்திரம் பழையது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரு பட்டு முதலாளியின் தறிக் கொட்டகையில் நான் மேஸ்திரி. பன்னிரண்டு தறிகள். அதில் ஒன்றில் என் அக்காவின் கணவர் நெய்தார். நெசவாளிகள் சங்கம் சேர்ந்து தீபாவளி போனஸ் கேட்டார்கள். முதலாளி சண்டை போடவில்லை. வேலையைப் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். வீட்டுத் தறி என்றால் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் உழைப்பார்கள், கூலி ஒரு ஆளுக்குத்தான், சங்கமும் கிடையாது. இங்கிலாந்து மேனேஜருக்கும் அந்த ஆளுக்கும் ஒரே மூளை.

தறியில் நீளவாக்கில் பூட்டும் நூலைப் பாவு என்போம்; ஒரு பாவு நெய்து முடிந்ததும் கடைசி ஒரு முழம் நூலைத் தறியின் அச்சிலேயே விட்டுவைப்பார்கள். அடுத்த பாவின் இழைகளை அதோடுதான் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். மிச்சம் விடாமல் அறுக்கச் சொன்னால், அந்தத் தறிக்கு அடுத்த பாவு இல்லை, நெய்கிறவருக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். அதையும் முதலாளி என்னை விட்டுத்தான் சொல்லவைத்தார்.

"மாமா, இந்த தபா மிச்சம் விடாம அறுத்துடுங்க."

மாமா தறிக்குழியை விட்டு எழவில்லை. "இத சொல்றதுக்கு உன்னத்தான் அனுப்பிச்சானா?"

"நான் இன்னா பண்றது மாமா?"

"நீ இன்னா பண்ணுவ. மேஸ்திரியா நின்னுகினு இரு."

அறுத்தார். அக்கா அதன்பின் என்னோடு பேசவில்லை. ஆறே மாதத்தில் எனக்கும் வேலை இல்லை. கொட்டகையே காலி, மேஸ்திரி எதற்கு? தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து இங்கே வந்து சேர்ந்தேன்.

கேக் தின்ற அன்று மாலையே மாமாவுக்கு எழுதினேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் கடிதம். மில்லில் நடந்ததைக் கொட்டித் தீர்த்து, அன்று செய்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பதில் வந்தது:

"பழச விடு. மிஷினு மெட்ராஸ் பக்கம் வருதுன்னு எழுதிகிற. நம்ம பெரியவ பத்தாவது பாஸ் பண்ணிட்டு வூட்லயே கீறா. அவங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லி வை."

நேற்று மில் வாசலில் மறியல். பக்கத்து மிஷினில் வேலை பார்த்த ஜூலி என் கையில் ஓர் அட்டையைத் திணித்தாள். 'எங்கள் வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பாதே' என்று எழுதியிருந்தது. மிஷின் ஏற்றிய லாரி வெளியே வந்ததும் அவள் குறுக்கே போய் நின்று கத்தினாள். நானும் அட்டையைத் தூக்கிப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினேன். என் கோட்டுப் பையில், மேனேஜரிடம் கொடுப்பதற்காக நானே எழுதிய விண்ணப்பம் இருந்தது. அக்கா மகளின் பெயர், வயது, படிப்பு, ஆரணி விலாசம்.